பதில் கிடைக்கும்படி கேட்பது எப்படி: கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் உரையாட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கணினியில் தேடுவதற்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொடுத்தபோது விந்தையான ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். ‘திருக்குறள்’ என்று தேடினால் கிடைத்தது, ‘நற்றிணை’ கிடைத்தது, ‘ஐங்குறுநூறு’ கிடைத்தது. ‘தொல்காப்பியம்’ கிடைக்கவில்லை, ‘குறுந்தொகை’ கிடைக்கவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தால் இரண்டும் கண்ணெதிரே இருந்தன. இரண்டு நாள் தனியாக முட்டிமோதிவிட்டு, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதுவோர் கூடும் ஓர் இணையச் சமூகத்தில் கேள்வியைப் போட்டேன். கேட்ட விதம் தவறாக இருந்ததால் மேலும் இரண்டு நாள் வீணாயின. அதே கேள்வியைத் திருத்திக் கேட்டபோது இருபது நிமிடத்துக்குள் விடை வந்தது.

அந்த இரண்டு நாளுக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையில் என்ன மாறியது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாக நுழையும் மாணவரையும், வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, கேள்வி கேட்பது, வழு (‘பக்’ எனப்படும் நிரல் தவறு) அறிவிப்பது, மாற்றத்தை முன்மொழிவது, பிறருக்குப் பதில் சொல்வது ஆகிய நான்கையும் தொட்டுச் செல்லும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான்: யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளின் சமூகங்களில் பதில் சொல்பவர்களில் பலர், சம்பளம் எதுவும் இல்லாமல், தம் அன்றாட வேலை முடிந்த பிறகு மிஞ்சும் அரை மணி நேரத்தில் நம் கேள்வியைப் படிக்கிறார்கள். அந்த அரை மணியில் எவ்வளவு பங்கை நம் சிக்கலைப் புரிந்துகொள்வதற்கே செலவிட வைக்கிறோம், எவ்வளவைத் தீர்வுக்கு விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே நமக்குப் பதில் வருவதும் வராததும் அமைகிறது.

முதல் படி: கேட்பதற்கு முன் சிக்கலைச் சுருக்குங்கள்

நான் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “தரவுத்தளத்தில் தமிழ்த் தேடல் சில சமயம் வேலை செய்வதில்லை. இன்டெக்ஸை எப்படி அமைக்க வேண்டும்?”

இதில் இரண்டு தவறுகள் இருந்தன. ‘சில சமயம்’ என்பது பொய். குறிப்பிட்ட சில சொற்களுக்கு எப்போதுமே வேலை செய்யவில்லை என்பதே உண்மை, அந்தச் சொற்கள் எவை என்பதிலேயே விடை ஒளிந்திருந்தது. இரண்டாவது தவறு இன்னும் பெரியது. குற்றவாளி இன்டெக்ஸ்தான் (தரவுத்தளம் விரைவாகத் தேட வைத்திருக்கும் அட்டவணைதான்) என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, தண்டனையை மட்டும் மற்றவர்களிடம் கேட்டிருந்தேன். உண்மையான சிக்கலை மறைத்துவிட்டு, அதற்குத் தீர்வு என்று தாமாக முடிவு செய்துகொண்டதைப் பற்றி மட்டும் கேட்பதை நிரலர்கள் ‘எக்ஸ் ஒய் சிக்கல்’ என்பார்கள். கேட்டதற்கு ஏற்ப இன்டெக்ஸ் பற்றியும் அகரவரிசை பற்றியும் நல்ல நல்ல பதில்கள் வந்தன. எல்லாமே சரியான தகவல்கள். எதுவுமே எனக்கு உதவவில்லை.

பிறகு ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: “பட்டியலில் உள்ள சொல்லின் நீளத்தையும் நீங்கள் தட்டச்சு செய்த சொல்லின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தீர்களா?” பார்த்தேன். நான் தட்டச்சு செய்த தொல்காப்பியத்தின் நீளம் 13. பட்டியலில் இருந்த தொல்காப்பியத்தின் நீளம் 14.

கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் அந்தச் சொல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 13 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் ‘தொ’ என்ற எழுத்தை இரண்டு வழிகளில் சேமிக்கலாம்: தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, தகரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டு பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். எங்கள் பட்டியல், கொம்பையும் காலையும் தனித்தனி விசைகளில் தட்டும் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. மாற்றிய கருவி அவற்றைத் தனித்தனியாகவே விட்டுவைத்திருந்தது. ஆகவே கொ, கோ, கௌ வரிசை எழுத்து வரும் சொற்கள் எல்லாம் தேடலில் விழுந்தன, மற்றவை தப்பின. ‘திருக்குறள்’ என்ற சொல்லில் அந்த எழுத்துகள் இல்லை.

இதை நானே கண்டுபிடித்திருக்க முடியும். செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஏறத்தாழ 3,000 புத்தகங்கள் கொண்ட பட்டியலை ஒரே ஒரு புத்தகமாகக் குறைத்துப் பார்ப்பது, சிக்கல் அப்படியே இருந்தால் பட்டியலின் அளவு குற்றவாளி அல்ல. தரவுத்தளத்தை நீக்கிவிட்டுச் சாதாரணக் கோப்பிலிருந்து படிப்பது. சிக்கல் அப்படியே இருந்தால் தரவுத்தளமும் குற்றவாளி அல்ல. கோப்பையும் நீக்கிவிட்டு இரண்டு சொற்களை நேரடியாக ஒப்பிடுவது. இப்படி ஒவ்வொரு பகுதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஆறேழு வரி நிரல் மிஞ்சும். வேறொருவர் தம் கணினியில் அதை இயக்கினாலும் அதே தவறு அப்படியே நிகழ வேண்டும். கேள்வியோடு நீங்கள் கொடுக்க வேண்டிய சான்று இந்த ஆறேழு வரிதான். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் இந்தக் கழித்தலின் நடுவிலேயே தீர்ந்துபோய், கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகின்றன.

இரண்டாம் படி: எங்கே கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

கேள்வியின் தன்மையைப் பொறுத்து இடம் மாறும். ‘இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது’ என்பது ஒரு வகை. ‘இந்தக் கருவி சொன்னபடி நடக்கவில்லை’ என்பது வழு அறிவிப்பு. ‘இந்தக் கருவி வேறு மாதிரி இருந்தால் நல்லது’ என்பது முன்மொழிவு. ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவர் 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற இடங்கள் முதல் வகைக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட விடை இருக்கக்கூடிய குறுகிய கேள்விகளுக்கு உரியவை. ‘எந்த மொழி கற்றால் வேலை கிடைக்கும்’ என்று அங்கே கேட்டால் கேள்வி மூடப்படும். மூடுபவர் கர்வம் பிடித்தவர் என்று நினைக்க வேண்டியதில்லை, கல்யாண வீட்டில் கடன் பத்திரத்தை நீட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது போலத்தான் அது.

வழு என்று உறுதியானால், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்துத் தருகின்றன. அவர்கள் தொகுத்ததில் தவறா, மூல ஆசிரியர் எழுதியதில் தவறா என்பது பல நேரங்களில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஐயம் இருந்தால் வழங்கலிடம் சொல்வதே முறை; டெபியனில் இதற்கென்றே இருக்கும் ‘ரிப்போர்ட்பக்’ என்னும் கருவி, பதிப்பு எண்கள் போன்ற விவரங்களைத் தானே திரட்டி அனுப்பிவிடும்.

பாதுகாப்புக் குறை மட்டும் இந்த விதிகளுக்கு விலக்கு. பிறர் கணினிக்குள் நுழைய வழி செய்யும் ஓட்டை ஒன்றைக் கண்டால் அதைப் பொதுவில் எழுதக் கூடாது. பெரும்பாலான திட்டங்கள் அதற்கெனத் தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. யாரிடம் சொல்வது என்று யோசிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் சான்று. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு மென்பொருளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் நிரலரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். அதை அவர் எக்ஸ்இசட் திட்டத்தாரிடம் சொல்லவில்லை, ஏனெனில் கதவை வைத்தவர் திட்டத்துக்கு உள்ளேயே இருப்பதாகத் தோன்றியது. டெபியனின் பாதுகாப்புக் குழுவிடமும், பிறகு வழங்கல்களின் பாதுகாப்பாளர்கள் இருக்கும் மூடிய குழுவிடமும் சொல்லிவிட்டு, மார்ச் 29 அன்றுதான் பொதுவில் எழுதினார்.

தமிழ்நாட்டில் நான் அடிக்கடி காணும் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல நல்ல தொழில்நுட்ப உரையாடல்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்குள் நடந்து, மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகின்றன. அவசரத்துக்கு அவை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே கிடைத்த விடையை அடுத்த ஆண்டு அதே சிக்கலில் மாட்டும் ஒருவர் தேடுபொறியில் தேடிக் கண்டெடுக்க வழியில்லை. பதில் சொன்னவர் அதே பதிலை இருபது முறை திரும்பச் சொல்லிக் களைத்துப்போய்க் குழுவை விட்டு வெளியேறுவதையும் பார்த்திருக்கிறேன். தேடினால் கிடைக்கும் பொது இடத்தில் கேளுங்கள். தனிச்செய்தியில் விடை வந்தாலும் அதைப் பொது இடத்தில் பதிந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கேள்வியை எழுதுங்கள்

தலைப்பில் ‘உதவி’, ‘அவசரம்’, ‘தயவுசெய்து’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. பதில் சொல்லத் தெரிந்தவர் தலைப்பை மட்டும் பார்த்து உள்ளே வர வேண்டும். என் திருத்திய தலைப்பு இது: “பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்கள் பைத்தானில் சமமாகவில்லை, நீளம் 13, 14.” உள்ளே, என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், இதுவரை எதையெல்லாம் முயன்று கழித்துவிட்டேன் என்பவை இந்த வரிசையிலேயே இருந்தன. சிக்கலைச் சொல்ல நான்கு வரி, நிரல் ஏழு வரி. என் ஊர்க் கதையும் நூலகத்தின் கதையும் அதில் இல்லை.

பிழைச்செய்தி வந்தால் அதை முழுமையாக, எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். திரையைப் படமெடுத்துப் போடுவதைப் பல சமூகங்கள் கண்டிக்கின்றன. படத்திலுள்ளதை நகலெடுக்கவும் முடியாது, தேடவும் முடியாது, பார்வையற்ற நிரலர்களின் திரைவாசிப்பானுக்கும் அது எட்டாது. தமிழ் எழுத்துச் சிக்கல்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: என் இரண்டு தொல்காப்பியங்களையும் படமாகப் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும், சான்று அங்கேயே செத்திருக்கும். எழுத்தாக ஒட்டினாலும்கூட முழு நம்பிக்கை வைக்க முடியாது. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி போன்ற மென்பொருள்கள், நாம் சேமிக்கும்போதே பிரிந்த குறிகளை ஒன்றாக்கிவிடுகின்றன. ஆகவே சொல்லை ஒட்டுவதோடு நிற்காமல், அதிலுள்ள ஒவ்வொரு குறியின் யூனிகோடு எண்ணையும் வரிசையாக எழுதிவிடுவது நல்லது.

ஒட்டுவதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடவுச்சொல், சேவைகளின் ரகசியச் சாவி, வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் ஆகியவை பதிவேடுகளுக்குள்ளும் அமைப்புக் கோப்புகளுக்குள்ளும் கிடக்கும். நிரல் மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் கிட் என்னும் கருவியின் களஞ்சியத்தில் ஒருமுறை ஏற்றியது, அடுத்த திருத்தத்தில் அழித்தாலும் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். அப்படி வெளியே போய்விட்டால் அழிக்க முயல்வதைவிட அந்தச் சாவியை உடனே செல்லாததாக்குவதுதான் முதல் வேலை.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதைப் பற்றி ஒரு சொல். இலக்கணம் தவறிவிடுமோ என்ற கூச்சத்தால் கேட்காமலேயே இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இந்தச் சமூகங்களில் எழுதுபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஃபின்லாந்துக்காரரும் பிரேசில்காரரும் ஜப்பானியரும் தட்டுத்தடுமாறித்தான் எழுதுகிறார்கள். சிறு சிறு வாக்கியங்கள் போதும். எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்து, நிரல் இயங்கினால், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாம் அலுவலகக் கடிதங்களில் பழகிய ‘மதிப்பிற்குரிய ஐயா, ஆவன செய்யவும்’ என்ற பாணிதான் அங்கே உண்மையில் உறுத்துகிறது. அது கட்டளையாக ஒலிக்கிறது. ‘நன்றி’ என்ற ஒரு சொல் மரியாதைக்குப் போதும்.

நான்காம் படி: வரும் பதிலைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள்

பதிலுக்குத் தேதி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பைத்தானில் தமிழ் எழுத்துச் சிக்கல் என்று தேடினால் பைத்தான் 2 காலத்துப் பதில்கள் இன்றும் முன்னே வந்து நிற்கின்றன. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. எழுத்துச் சரங்களை அது கையாண்ட விதமே வேறு, ஆகவே அன்று சரியாக இருந்த அறிவுரை இன்று புதுச் சிக்கலை உண்டாக்கும். பச்சைக் குறியிட்டு ஏற்கப்பட்ட பதிலாக இருந்தாலும் தேதியையும், அதன் கீழே பிறகு வந்த குறிப்புகளையும் படித்த பின்னரே நம்ப வேண்டும். நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்லும் கட்டளை எதையும், அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று கையேட்டில் பார்க்காமல் இயக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இந்தச் சோதனை இன்னும் அவசியமாகிவிட்டது. சாட்ஜிபிடி வெளிவந்த சில நாள்களிலேயே, 2022 டிசம்பரில், அதில் உருவாக்கிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. பார்வைக்குச் சரியானவையாகத் தெரிந்தாலும் அவற்றில் தவறானவை அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இணையவழி தரவைப் பரிமாறும் கர்ல் என்னும் கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிய போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைச் சரிபார்ப்பதிலேயே தங்கள் நேரம் வீணாவதாக 2024 தொடக்கத்திலிருந்து வெளிப்படையாக எழுதிவருகிறார். போலி அறிக்கையை உருவாக்க ஒரு நிமிடம். அது போலி என்று நிறுவ, தேர்ந்த நிரலருக்கு மணிக்கணக்கு. நீங்கள் கருவியின் உதவியை நாடுவதில் தவறில்லை. அது சொன்னதை உங்கள் கணினியில் இயக்கிப் பார்க்காமல் உங்கள் பெயரில் பிறருக்கு அனுப்புவதுதான் தவறு.

இனி, கடுமையான பதில்கள். இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது இந்த வழிகாட்டியிலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் இணையக் குழுவில், அதில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு ஒரு சிறு செய்தி எழுதினார். தான் பொழுதுபோக்காக எழுதும் இயங்குதளத்துக்கு அது உதவும் என்றார். அந்த இயங்குதளம்தான் லினக்ஸ். ஐந்து மாதம் கழித்து, 1992 ஜனவரி 29 அன்று, மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் அதே இடத்தில் லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்பிட்டு எழுதினார். எல்லாவற்றையும் ஒரே கருவுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கெர்னல்’) அடைக்கும் அமைப்பு பழமையானது என்பது ஒரு குற்றச்சாட்டு. இன்டெல் 386 சில்லை மட்டுமே நம்பி எழுதப்பட்டிருப்பதால் வேறு கணினிகளுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பது இன்னொன்று. என் மாணவராக இருந்திருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்ற பொருளில் விவாதத்தினூடே ஒரு குத்தலும் வைத்தார்.

டோர்வால்ட்ஸ் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். மறுநாள், தான் எல்லை மீறிவிட்டதாகச் சொல்லி அதே பொது இடத்தில் வருத்தம் தெரிவித்தார். விவாதம் தொடர்ந்தது, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரு அமைப்பு பற்றிய கருத்தை டோர்வால்ட்ஸ் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் மற்ற குற்றச்சாட்டில் பொருள் இருந்தது: 1995 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் சில்லுகளிலும் இயங்கியது. கடுமையான பதில் வந்தால் நானும் இப்படித்தான் பிரிக்கிறேன். ஒரு தாளில் அதிலுள்ள தொழில்நுட்பக் கூற்றுகளை மட்டும் எழுதிக்கொள்கிறேன். குத்தலைத் தாளில் ஏற்றுவதில்லை. தாளில் ஏதாவது மிஞ்சினால் அதற்கு மட்டும் பதில். எதுவுமே மிஞ்சாவிட்டால் அந்தச் செய்திக்குப் பதிலே எழுதுவதில்லை.

இதனால் கடுமை நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே டோர்வால்ட்ஸ் பின்னாளில் லினக்ஸ் கருவின் தலைமைப் பராமரிப்பாளராக இருந்து பலரைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தார், அத்திட்டமும் அப்போது புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. உங்களை ஒருவர் பாலினம், ஊர், மொழி ஆகியவற்றைச் சொல்லித் தாக்கினால் அது விவாதம் அல்ல. நெறியாளரிடம் இணைப்போடு புகார் செய்யுங்கள், தனியாகச் சண்டையிட வேண்டாம்.

ஐந்தாம் படி: கருத்து வேறுபட்டால் எங்கே நிறுத்துவது என்று அறியுங்கள்

சிறு விஷயங்களுக்குத்தான் பெரிய விவாதம் நடக்கும். அணு உலைத் திட்டத்தைச் சில நிமிடத்தில் ஒப்புக்கொள்ளும் குழு, மிதிவண்டிக் கொட்டகைக்கு எந்தக் கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் பேசும் என்பது 1957இல் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டு. உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999இல் ஃபிரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தின் சமூகத்தில், ஒரு கட்டளை நொடியின் பின்னங்களை ஏற்க வேண்டுமா என்ற அற்ப விஷயம் பெருவிவாதமானபோது, பால் ஹென்னிங் காம்ப் இந்த எடுத்துக்காட்டை நினைவூட்டி எழுதினார். அன்று முதல் நிரலர்களிடையே ‘பைக்‌ஷெட்’ என்பது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மென்பொருள்களைத் தமிழாக்கும் குழுக்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘பக்’ என்பதற்கு வழுவா, பிழையா என்று பேசி முடிப்பதற்குள் அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்துவிடும்.

இது சிரித்துவிட்டுப் போகும் சங்கதி மட்டுமல்ல, ஆளை வீழ்த்தவும் செய்யும். பைத்தானில் ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பளிக்கும் குறி ஒன்றைச் சேர்ப்பது குறித்து 2018இல் நடந்த விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், முன்மொழிவை ஏற்றுக்கொண்ட கையோடு, ஜூலை 12 அன்று தம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இறுதியில் பலரின் வெறுப்புக்கு ஆளாவதை இனித் தாங்க விரும்பவில்லை என்ற பொருளில் எழுதினார். அதன் பிறகு ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே வந்தது.

ஆகவே முன்மொழிவு எழுதும் முன் அந்தச் சமூகத்தில் முடிவெடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்: தனி ஒருவரா, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவா, வாக்கெடுப்பா. கணினி துவங்கும்போது மற்ற சேவைகளை இயக்கிவைக்கும் தொடக்க நிரலாக டெபியன் எதைப் பயன்படுத்துவது என்பது 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவில் சமநிலையில் நின்று, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி என்னும் நிரலின் பக்கம் முடிந்தது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய் தேவுவான் என்ற வழங்கலைத் தொடங்கினார்கள். உரிமத்தின்படி அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு, பலருடைய மனக்கசப்புக்கு அதுவே வடிகாலும் ஆயிற்று. நம்மைப் போன்றவர்களின் அன்றாட விவாதங்களுக்கு நான் கடைப்பிடிக்கும் அளவு வேறு: என் வாதத்தை ஒருமுறை முழுமையாக எழுதுவேன், எதிர்வாதங்களில் வலுவானதற்கு ஒருமுறை பதில் சொல்வேன், மூன்றாம் முறை எழுதத் தோன்றினால் சொல்லப் புதிய சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் இருக்காது.

ஆறாம் படி: அவசரப்படுத்தும் கூட்டத்தில் சேராதீர்கள்

எக்ஸ்இசட் கதையின் முன்பாதியை எல்லோரும் படிக்க வேண்டும். அதைத் தனியாளாகப் பராமரித்துவந்தவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்றும், நெடுநாளைய மனநலச் சிக்கலால் தம்மால் முன்போல் ஈடுகொடுக்க முடியவில்லை என்றும் 2022இல் பொதுவில் எழுதியிருந்தார். அந்த நாள்களில் முன்பின் தெரியாத சில கணக்குகள், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு யாரிடமாவது ஒப்படைக்கக் கூடாதா என்று அவரை நச்சரித்தன. கூடவே ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பணிவோடு பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, அனுப்பி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு நுழைந்தது அந்தப் பெயரின் வழியாகத்தான்.

நச்சரித்தவை போலிக் கணக்குகள் என்றே பரவலாக நம்பப்படுகிறது. என்னை உறுத்துவது வேறு: அந்தச் செய்திகளைப் படித்தால் போலி என்று தோன்றாது. நம்மில் பலர் பொறுமையிழந்து எழுதும் செய்திகளைப் போலவே அவை இருக்கின்றன. ‘என் பேட்ச்சை அனுப்பி ஒரு மாதமாகிறது, யாரும் பார்க்கவில்லையா’ என்று எழுதத் தோன்றும்போது, அதற்குப் பதிலாக வேறொருவருடைய பேட்ச்சை இயக்கிப் பார்த்துச் சோதனை முடிவைக் குறிப்பிடுங்கள். பராமரிப்பாளரின் சுமை அதனால் உண்மையிலேயே குறையும்.

அந்தக் கதவு பிடிபட்டதும் ஒருவரின் பொறுமையால்தான். தொலைக்கணினிக்குள் நுழைய 0.299 நொடி ஆகிவந்தது 0.807 நொடியாக மாறியதை ஃபிராய்ண்ட் கவனித்தார். அரை நொடி. அதைத் துரத்திப் போய், அளவுகளோடும், தாம் சோதித்த முறையோடும், தமக்கு உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்தும் அவர் எழுதிய அந்த அறிக்கையை, வழு அறிவிப்புக்கு நல்ல மாதிரி எது என்று கேட்பவர்களிடம் படிக்கச் சொல்கிறேன்.

ஏழாம் படி: விடையை எழுதிவிட்டு வெளியேறுங்கள்

‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதி முடித்த உரையாடல்களைப் போல எரிச்சலூட்டுபவை வேறில்லை. ஐந்து ஆண்டு கழித்து நள்ளிரவில் அதே சிக்கலோடு வந்து சேரும் ஒருவருக்கு, எப்படிச் சரியானது என்ற வரிதான் வேண்டும்.

நான் என் கேள்விக்குக் கீழே இப்படி எழுதினேன்: பட்டியலில் ‘தொ’ போன்ற எழுத்துகள் பிரிந்த குறிகளாக இருந்தன, யூனிகோடு வரையறுத்த இயல்பாக்க முறைகளில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்பதைப் பட்டியலுக்கும் தேடும் சொல்லுக்கும் செலுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும், பைத்தானின் அடிப்படைத் தொகுப்பிலேயே அதற்கான செயல்கூறு இருக்கிறது, இனிப் புதுப் புத்தகம் சேர்க்கும்போதும் சேமிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து முகம் தெரியாத ஒருவர் அங்கே வந்து, இது எல்லாவற்றையும் தீர்க்காது என்று எழுதினார். ‘ஔவையார்’ என்பதைப் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். யூனிகோடின் பார்வையில் அவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள் என்பதால் என்எஃப்சி அவற்றைத் தொடாது என்றார். எங்கள் நூலகப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். ஆத்திசூடிப் பதிப்புகள் ஒன்பது இருந்தன, அவற்றில் நான்கு ஔவையாரைத் தேடினால் அகப்படவில்லை. பதிலைத் திருத்தி, சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்தக் கூட்டெழுத்துக்குத் தனி விதி ஒன்றையும், கூடவே ‘ஒளி’ என்ற சொல்லை அந்த விதி தவறாக மாற்றிவிடாமல் இருக்க ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறி வருகிறதா என்று பார்க்கும் நிபந்தனையையும் சேர்த்து, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி எழுதினேன். ‘ஒளவையார்’ சரியாகிறது, ‘ஒளி’ தப்பிக்கிறது. ‘ஒளடதம்’ என்று தட்டியவர்களுக்கும் வேலை செய்கிறது. ‘ஒளரங்கசீப்’பைச் சோதித்துவிட்டேன். ‘ஒளவு’ போன்ற சொல் ஏதாவது உண்மையிலேயே ளகரத்தோடு இருக்குமா என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது.